பாரணை இல்லா விரதம்

சென்ற ஆவணி மாதம் உறவினர் வீட்டுத் திருமணமொன்றுக்குச் சென்றிருந்தோம். பந்தியில் அமர்வதற்கு முன்னரே எமக்கு மாமி முறையான மூதாட்டி ஒருவர் எம்மை நிறுத்தி, மேலுங் கீழும் நோக்கி, “என்ன தம்பி, இப்பிடி மெலிஞ்சு போனாய்? ஏதும் வருத்தமோ? மனுசி ஒழுங்காச் சமைச்சுத் தாறேல்லையோ?” என்று வினவினார். அருகே நின்ற இல்லாள் முகஞ் சுளித்து அப்பாற் சென்றார். இக்கேள்வி எமக்குப் புதிதன்று. இதே மாமி இதனையே ஐந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றார். அந்த ஐந்து ஆண்டுகளும் எமது நிறை ஏறத்தாழ ஒரேயளவில் நிற்கின்றது என்று கூறினால் அவர் நம்புவதாயில்லை.

88 கிலோகிராம் நிறையோடு படியேறுகையில் மூச்சுவாங்கித் திரிந்த காலத்தில் எவரும் எம்மை ‘வருத்தமோ’ என்று கேட்டாரல்லர். ‘வாத்தியாருக்கு இப்பத்தான் உத்தியோகக் களை வந்திருக்கு’ என்றனர். நிறை குறைந்து வந்த மாதங்களில் ஆசிரியர் ஓய்வறையிற் பாராட்டுக் கிடைத்தது, ‘என்ன மருந்து?’ எனக் காதோடு கேட்டாரும் உளர். குறைந்தது குறைந்தபடியே நிற்கத் தொடங்கியதும் பாராட்டு ஓய்ந்து அனுதாபம் தொடங்கிற்று. நிறையைக் குறைப்பதைப் பற்றி எழுதுவார் பலர்; குறைத்ததைக் காப்பதைப் பற்றி எழுதுவார் சிலரே. துன்பமோ பின்னதிலேயே மிகுதியாக உண்டு. அதனைப் பட்டறிந்தவராதலின் அதுபற்றிச் சில கூறப் புகுந்தோம்.

எமது தந்தையார் சலரோகத்தால் வலக்காற் பெருவிரலை இழந்தவர். 2016 ஆம் ஆண்டில், எமது இரத்தத்திலும் சீனி எல்லையை நெருங்கிவிட்டதென வைத்தியர் கூறியபோது அந்த விரலற்ற கால் கண்முன் வந்து நின்றது. அஞ்சியவர் செய்வதையே நாமும் செய்தோம். பகலில் ஒருநேரம் சோறு. இரவில் ஒரு குவளை பால். புட்டு, இடியப்பம், தோசை யாவற்றுக்கும் விடைகொடுத்தோம். ஐந்து மாதங்களில் 13 கிலோ குறைந்தது.

கந்தசஷ்டி விரதம் அநுட்டிப்போர் ஆறு நாளும் உபவாசமிருந்து ஏழாம் நாட் காலையிற் பாரணை பண்ணுவர். எமது மனமும், எம்மை அறியாமலே, அத்தகைய ஒரு பாரணையை நோக்கியே நாளெண்ணிக் கொண்டிருந்தது போலும். 75 என்ற இலக்கைத் தராசு காட்டிய அன்று வீட்டில் நெய்த்தோசையும் பாயாசமும் ஆயின. அன்று தொடங்கிய பாரணை இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 2018 ஆம் ஆண்டு முடிவில் நிறை 90 கிலோ: இழந்த பதின்மூன்றும், வட்டியாக இரண்டும்.

அக்காலத்தில் எம்மை நாமே இகழ்ந்துகொண்ட இகழ்ச்சிக்கு அளவில்லை. பகலில் மாணவருக்குப் புலனடக்கத்தைப் போதித்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் பலகாரப் பேணியைத் திறக்கும் ஆசிரியன் தன்னைப் பற்றி வேறென்ன எண்ணுவான்? பின்னர் இத்துறை ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தபோதுதான் அந்த இகழ்ச்சியிற் பெரும்பகுதி இடந்தவறி விழுந்ததென உணர்ந்தோம்.

இவ்வாறு மீண்டும் பருத்தவர் எம்மைப் போல் எத்தனையோ பேர். 1959 ஆம் ஆண்டிலேயே அல்பேட் ஸ்ரன்காட் என்னும் அமெரிக்க மனநோய் வைத்தியர், நியூயோர்க் நகரின் போசனைச் சிகிச்சை நிலையமொன்றுக்கு வந்த 100 பேரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், குறைத்த நிறையைக் காத்து நின்றவர் அந்த நூற்றுவரில் இருவரே. மற்றைய தொண்ணூற்றெண்மரும் மனவுறுதி அற்றவர்கள் என்று கூறுதல் பொருந்துமா?

உடம்பு தன் பழைய நிறையை எளிதில் மறப்பதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிவுறும் காலத்தில், 1944 ஆம் ஆண்டு நவம்பரில், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பார் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போர்ப்பணியை மனச்சாட்சியின் பெயரால் மறுத்த 36 இளைஞர் அதற்கெனத் தாமாக முன்வந்தனர். ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்து தம் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். அவர்கள் முன்பே பருத்தவர்களல்லர். உணவைப் பெரிதாக எண்ணியவர்களுமல்லர். பட்டினி முற்றியதும் சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கலாயினர், உண்ட தட்டை நக்கினர், பேச்செல்லாம் உணவாயிற்று. பின்னர் தாராளமாக உணவு கிடைத்தபோதும் உண்ண உண்ணப் பசி தீராதிருந்தவர் உளர். 1950 இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்த கீஸின் நூலில் இவை யாவும் விரிவாகப் பதிவாகியுள்ளன. இரவு பத்து மணிப் பலகாரப் பேணியின் மர்மம் எமக்கு அங்கே விளங்கிற்று.

அதன் உட்பொருளைப் பின்வந்தோர் துலக்கினர். கொழுப்பிலிருந்து சுரந்து ‘போதும்’ என மூளைக்கு அறிவிக்கும் லெப்ரின் என்னும் ஓமோன் 1994 இலும், இரைப்பையிலிருந்து சுரந்து ‘பசி’ என அறிவிக்கும் கிரெலின் 1999 இலும் கண்டறியப்பட்டன. நிறை குறைந்தால் முன்னது தாழ்கின்றது, பின்னது உயர்கின்றது. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து ஆராய்ந்தோர், ஓராண்டு கழிந்த பின்னரும் இம்மாற்றங்கள் நீங்கவில்லை என 2011 இல் எழுதினர். 2016 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதனினும் திகைப்பூட்டுவது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் மிகப்பெருமளவு நிறையைக் குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின் பரிசோதித்தபோது, அவர்களது உடல் ஓய்விலிருக்கையில் எரிக்கும் சக்தி, அவர்தம் உருவத்துக்கு எதிர்பார்க்கப்படுவதிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்தது. ஒருநேரச் சோறு கறிக்கு அது ஈடாகும். மெலிந்தவரின் உடம்பு சிக்கனக்காரனாகிவிடுகின்றது, பசியோ ஊதாரியாகிவிடுகின்றது. இவ்விருவருக்கும் நடுவே நின்று குடும்பம் நடத்துவதே நிறைகாத்தல் என்க.

அவ்வாறு குடும்பம் நடத்துவோரும் உலகில் இல்லாமலில்லை. தோற்றவர்களை எண்ணுவதை விட்டு, வென்றவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் அன்றாடம் என்ன செய்கின்றார்கள் எனக் கேட்டால் என்ன என்று றீனா விங், ஜேம்ஸ் ஹில் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளருக்குத் தோன்றிற்று. 1994 இல் ‘தேசிய நிறைக்கட்டுப்பாட்டுப் பதிவேடு’ என ஒன்றை அவர்கள் நிறுவினர். குறைந்தது 30 இறாத்தலைக் குறைத்து, ஓராண்டேனும் அதனைக் காத்தவர்களே அதிற் சேரலாம். பின்னாளில் 10,000 பேருக்கு மேற் சேர்ந்தனர். சராசரியாக அவர்கள் 66 இறாத்தலைக் குறைத்து ஐந்தரை ஆண்டுகள் காத்தவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள்.

குறைத்த வழியை நோக்கினால் ஒருவருக்கொருவர் ஒற்றுமையில்லை. பாதிக்குச் சற்றுக் குறைந்தோர் எவர் துணையுமின்றித் தாமே குறைத்தவர்கள். ஏனையோர் ஏதோவொரு திட்டத்தில் அல்லது வைத்தியரிடத்திற் சேர்ந்தவர்கள். காக்கும் வழியிலோ வியக்கத்தக்க ஒற்றுமை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாளொன்றுக்குச் சராசரி ஒருமணி நேரம் உடலுழைப்பில் ஈடுபடுகின்றனர். அதிலும் நடையே முதன்மையானது. முக்காற்பங்கினர் வாரத்துக்கு ஒருமுறையாவது தராசில் ஏறுகின்றனர். அறுபத்திரண்டு வீதத்தினர் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகவே தொலைக்காட்சி பார்க்கின்றனர். எழுபத்தெட்டு வீதத்தினர் காலையுணவைத் தவறவிடுவதில்லை.

இவ்விடத்தில் ஆசிரியத் தொழிலின் தோஷத்தால் ஒரு தடை கூற வேண்டியுள்ளது. வென்றவர்களெல்லாம் காலையில் உண்கின்றார்கள் என்பதனால், காலையில் உண்பவர்களெல்லாம் வெல்வார்கள் என்று முடிபு கட்டுதல் தருக்கமாகாது. 2014 இல் வெளியான, பதினாறு வாரம் நிகழ்ந்த சோதனையொன்றில், காலையுணவை உண்ணுமாறு சொல்லப்பட்டவருக்கும் தவிர்க்குமாறு சொல்லப்பட்டவருக்கும் நிறைக்குறைவில் வேறுபாடு தோன்றவில்லை. எனவே காலை உணவை நாம் வற்புறுத்தோம். தராசின் கதை வேறு.

தராசைக் கண்டு நாம் அஞ்சியதுண்டு. 2017 இல், பாரணை நீண்டுகொண்டிருந்த காலத்தில், அதனைக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டோம். மீண்டும் அதில் ஏறியபோது எட்டுக் கிலோ ஏறியிருந்தது. ஒரு கிலோவாக இருந்த காலத்திற் கண்டிருந்தால் ஒரு வாரத்திற் சரிசெய்திருக்கலாம். பதிவேட்டில் உள்ளோரை ஆராய்ந்து 2003 இல் எழுதியோர், வென்றவர்களுள்ளும் சிறிதளவு மீண்டும் ஏறியவர்கள் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது எனக் கண்டனர். ஆகவே ஏற்றத்தை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளல் வேண்டும். இக்கருத்தை றீனா விங் சோதித்தும் பார்த்தார். நிறை குறைத்த 314 பேர் பதினெட்டு மாதம் கண்காணிக்கப்பட்டனர். ஒரு சாராருக்குத் தராசை நாடோறும் பார்க்கவும், காணும் எண்ணைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் வீதிச் சமிக்ஞை விளக்கு முறையிற் பகுத்து அதற்கேற்ப நடக்கவும் கற்பிக்கப்பட்டது. மறுசாராருக்கு இடைக்கிடை செய்திமடல் மட்டுமே வந்தது. 2006 இல் முடிவு வெளியாயிற்று: மடல் மட்டும் பெற்றவரில் நூற்றுக்கு 72 பேருக்கு இரண்டே கால் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது; நேரிற் கூடிக் கற்றவரில் 46 பேருக்கே அவ்வாறாயிற்று.

2019 இல் இரண்டாம் முறை தொடங்கியபோது நாம் அவசரப்படவில்லை. எழுபத்து நான்குக்கு இறங்க ஒன்றரை ஆண்டு சென்றது. எமது வீட்டுச் சுவரிலே தொங்கும் நாட்காட்டியில் இராகுகாலத்துக்குக் கீழே ஒரு சிறு எண்ணை நாடோறும் பென்சிலாற் குறிக்கின்றோம். 74 வரை பச்சை, 76 சிவப்பு. வருவோர் அதனைப் பால்கணக்கு என்று கருதுகின்றனர்.

இனி, மனம் சம்பந்தமான ஒன்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். விரதகாரர் ஒருவர் மறதியால் ஒரு வடையைக் கடித்துவிட்டால் விரதம் முறிந்தது, முறிந்தது முறிந்ததே. மீதி நாளை அவர் எப்படிக் கழித்தாலும் அது விரதமாகாது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்போரின் மனமும் இவ்வாறே கணக்குப் போடுகின்றது. 1975 இல் பீற்றர் ஹேர்மன், டெபோரா மாக் ஆகியோர் கல்லூரி மாணவியரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். சுவை பார்க்கும் ஆராய்ச்சி என்று கூறி, சிலருக்கு முதலில் ஒன்றோ இரண்டோ குவளை மில்க் சேக் கொடுத்தனர். வேறு சிலருக்கு ஒன்றுங் கொடுக்கவில்லை. அதன்பின் யாவருக்கும் ஐஸ்கிறீம் வைத்து, வேண்டியமட்டும் சுவைக்கலாம் என்றனர். கட்டுப்பாடு எதுவுமற்ற மாணவியர், மில்க் சேக் குடித்த அளவுக்கேற்பக் குறைத்தே உண்டனர். கட்டுப்பாட்டிலிருந்தவரோ, ஒன்றும் குடியாதிருந்தால் அடக்கமாக உண்டனர். குடித்திருந்தால் மிகுத்து உண்டனர். ‘இனி என்ன, இன்றைய நாள் போயிற்று’ என்பதே அவர்தம் உள்ளத்துக் கணக்கு.

எமது முதல் வீழ்ச்சி இந்த வழியிலேயே நிகழ்ந்தது. தீபாவளியன்று நாள் போயிற்று, அந்த வாரமும் போயிற்று, அடுத்து மார்கழி வருகின்றது, தைப்பொங்கல் கழியட்டும் என்றோம், சித்திரை வந்தது. நிறையைக் காப்போர் தவறாதவர்களல்லர். அவர்களும் திருமணத்துக்குச் செல்கின்றனர், பாயாசம் குடிக்கின்றனர். மறுநாட் காலை வழக்கம்போல் எழுந்து வழக்கமான உணவை உண்கின்றனர், அவ்வளவே. பட்டினி கிடந்து பிராயச்சித்தமும் செய்வதில்லை. இதனை எமக்கு விளங்கவைத்தவர் எந்த ஆராய்ச்சியாளருமல்லர். ஒரு திருவிழாவுக்கு மறுநாள் நாம் காலையுணவை மறுத்து முகம் வாடி இருந்தபோது இல்லாள் கூறினார்: “நேற்றுச் சாப்பிட்டது நேற்றோடை போச்சு. இண்டைக்கு இண்டையான் சாப்பாட்டைச் சாப்பிடுங்கோ.”

பதிவேட்டிலும் இதற்குச் சான்றுண்டு. வாரநாட்களிற் கடுமையாக இருந்து சனி ஞாயிறுகளில் அவிழ்த்துவிடுவோரைவிட, ஏழு நாளும் ஏறத்தாழ ஒரே வகையாக உண்போர் மறுவருடமும் தம் நிறையைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு எனக் கண்டுள்ளனர். அவர்கள் உண்ணும் பண்டங்களின் வகையும் குறைவு. கேட்பதற்குச் சலிப்பூட்டும் வாழ்க்கையே. ஆனால் எமது பாட்டனார் காலையிற் குரக்கன் புட்டும் பகலிற் சோறும் இரு கறியுமாக எழுபது ஆண்டுகள் சலிப்பின்றி உண்டு, தோட்டத்தில் நீரிறைத்து வாழ்ந்தார். அவருக்குத் தராசு தேவைப்படவில்லை.

உடலுழைப்பைப் பொறுத்தவரை எமக்கு நாட்டின் துன்பமே உதவிற்று என்று சொல்லக் கூசுகின்றது. 2020 இல் ஊரடங்கின்போது வளவுக்குள்ளே கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். அயலார் நேர்த்தி என எண்ணினர். 2022 இல் பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றபோது, பழைய சைக்கிளைத் திருத்தி எடுத்துக் கல்லூரிக்கு மிதிக்கத் தொடங்கினோம். போகவர ஒருமணி நேரம். பெற்றோல் வந்த பின்னரும் மோட்டார் சைக்கிளுக்கு மீளவில்லை. காலையில் எழுந்து ‘தேகாப்பியாசம் செய்வோம்’ என்று நாம் செய்த சங்கற்பங்கள் எல்லாம் மாரிமழையோடு கரைந்தன. வேலைக்குப் போயே தீரவேண்டும் என்ற கட்டாயத்தோடு கட்டிவிட்ட உழைப்பு மட்டும் நிலைத்தது. மாணவர் சிலர் எம்மை முந்திச் செல்கையில் மணியடித்துச் செல்வர். அதனைப் பொறுத்துக்கொள்கின்றோம்.

மேல்நாட்டுப் பதிவேடு கூறாத இடையூறு ஒன்று எமது சமூகத்தில் உண்டு. அஃது அன்பு. எம்மவரிடத்தில் ‘போதும்’ என்னும் சொல்லுக்கு ‘இன்னும் சிறிது வையுங்கள்’ என்பது பொருள். ‘சாப்பிட்டுவிட்டு வந்தேன்’ என்றால் விருந்தளிப்பார் மனம் நோவார். பல பந்திகளிற் பழகி நாம் கண்ட உபாயம் இது: இலையில் வெற்றிடம் கண்டாற் பரிமாறுவோர் கை தானே நீளும். ஆதலால் எதையும் மறுக்காது சிறிது பெற்று, மெல்ல மெல்ல உண்டு, இலையை நிறைந்தபடியே வைத்திருத்தல் நன்று. வீட்டிலும் சோற்றுப் பானை மேசைமேலிருந்து குசினிக்கு இடம் மாறிற்று. எழுந்து போய் எடுக்க வேண்டுமாயின் பாதிப் பசி சோம்பலிலேயே தீர்ந்துவிடுகின்றது. தாய்மாருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்கலாகாதென்று உண்பது எந்தக் கணக்கிலும் எழுதப்படாத நான்காம் வேளையுணவாகும்.

அண்மைக் காலத்தில் ஊசிமருந்துகள் வந்துள்ளன. பசியையே தணிக்கும் அவற்றால் நன்மை பெற்றோர் பலர். அவர்களை இகழ்வது மடமை. ஆயினும் செமகுளுரைட் என்னும் மருந்தை நிறுத்தியவர்களை ஓராண்டின் பின் பார்த்தபோது, இழந்த நிறையில் மூன்றிலிரண்டு பங்கு மீண்டிருந்ததென 2022 இல் அறிவித்தனர். மருந்துக்கும் பாரணை இல்லை போலும்.

இவ்வளவும் கூறியபின், ‘ஆயுள் முழுவதும் இத்தனை காவலா?’ என்று வாசகர் மலைத்தல் கூடும். 2018 இல் நாமும் அவ்வாறே மலைத்தோம். பதிவேட்டை ஆராய்ந்தோர் கண்ட ஒன்று அப்போது தெம்பளித்தது: இரண்டு ஆண்டுகள் காத்துவிட்டவருக்கு மீண்டும் பருக்கும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது, நெடுநாட் காத்தவர்கள் அதற்கு வேண்டிய முயற்சியும் வரவரக் குறைவதாகவே உரைக்கின்றனர். எமக்கும் மூன்றாம் ஆண்டளவில் ஒருநாள், பாடசாலை விட்டு வந்து தேநீர் குடிக்கும்போது, பலகாரப் பேணி இருக்கும் திசையை அன்று முழுவதும் நினைக்கவேயில்லை என்பது திடீரெனப் புலப்பட்டது. அதற்கு அடுத்த நாள் நினைத்தோம் என்பதையும் மறைக்கவில்லை.

திருமண வீட்டிலிருந்து புறப்படுகையில் மாமி ஒரு பெரிய பொதியை எமது கையில் திணித்தார். பயற்றம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும். “இதையெண்டாலும் திண்டு உடம்பைத் தேத்து, தம்பி” என்றார். “ஓம் மாமி” என்றோம். அரியதரத்தில் ஒன்றை வழியிலேயே உண்டோம். மாமியின் கைப்பாகம் வேறெவருக்கும் வாராது. மறுநாட் காலை தராசு 74.6 காட்டிற்று. மஞ்சள். நாட்காட்டியிற் குறித்துவிட்டு, சைக்கிளின் காற்றைப் பார்த்து, நேரத்தோடு கல்லூரிக்குப் புறப்பட்டோம்.